இந்தியாவில் சாலை ஒழுங்கும் போக்குவரத்துச் சட்ட அமலாக்கமும்

இந்தியச் சாலைகளில் வண்டி ஓட்டுவோரின் நடத்தை, அதனால் விளையும் விபத்துகளும் மோதல்களும், அவற்றைக் கட்டுப்படுத்த இயற்றப்பட்ட சட்டங்கள், அச்சட்டங்கள் நடைமுறைப்படுத்தப்படும் விதம் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம் வெளியிட்ட புள்ளிவிவரப்படி 2022 ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. இவற்றில் 1,68,491 பேர் இறந்தனர். 4,43,366 பேர் காயமடைந்தனர். 2023 இல் இறந்தவர் எண்ணிக்கை சுமார் 1.72 இலட்சமாக உயர்ந்தது. சாலை விபத்துகளில் உலகிலேயே மிகுதியானோர் இறக்கும் நாடு இந்தியா ஆகும்.

இந்தியாவில் போக்குவரத்துச் சட்டங்களுக்குக் குறைவில்லை. 1914 தொடங்கி மூன்று முதன்மைச் சட்டங்களும் பல திருத்தங்களும் வந்துள்ளன. விதியை மீறுபவர் பிடிபடுவாரா, பிடிபட்டால் தண்டத்தைக் கட்டுவாரா என்ற இரு வினாக்களிலேயே அமலாக்கத்தின் வெற்றி தோல்விகள் பெரும்பாலும் அடங்கியுள்ளன.

சொற்பொருள்

வண்டி ஓட்டும்போது பிற ஓட்டுநர் மீதோ பாதசாரி மீதோ எழும் கட்டுக்கடங்காத கோபமும், அதன் விளைவான வசை, மிரட்டல், துரத்தல், தாக்குதல் ஆகியவையும் தமிழில் சாலைச் சினம் அல்லது வீதிச் சினம் எனப்படுகின்றன. இதற்கு நிகரான ஆங்கிலத் தொடர் 1980களின் இறுதியில், ஐக்கிய அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகர விரைவுச்சாலைகளில் அடுத்தடுத்துத் துப்பாக்கிச் சூடுகள் நிகழ்ந்த காலத்தில் அந்நகரச் செய்தியாளர்களால் புழக்கத்துக்கு வந்ததாகக் கூறப்படுகிறது. இந்தியச் சட்டம் எதிலும் இத்தொடர் வரையறுக்கப்படவில்லை. ஆனால் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் செய்தித்தாள்களிலும் பரவலாக ஆளப்படுகிறது.

சாலைச் சினமும் ஆபத்தான ஓட்டுதலும் ஒன்றல்ல. சிவப்பு விளக்கை மீறுதல், எதிர்த்திசையில் ஓட்டுதல், மிகைவேகம் போன்றவை யார் மீதும் கோபமின்றியே செய்யப்படுபவை. எனினும் முன்னது பெரும்பாலும் பின்னதிலிருந்தே தொடங்குகிறது. ஒருவர் குறுக்கே புகுவதும், மற்றவர் அதைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொள்வதுமே பெரும்பாலான சண்டைகளின் தொடக்கம்.

ஓட்டும் தரம் குறைந்துவிட்டதா?

முற்காலத்தில் ஓட்டுநர்கள் ஒழுங்காக இருந்தனர், இப்போது கெட்டுவிட்டனர் என்ற கருத்து எல்லாத் தலைமுறையினரிடமும் காணப்படுவது. புள்ளிவிவரங்கள் இதற்கு எளிய விடை தருவதில்லை. 1970 இல் இந்தியச் சாலைகளில் சுமார் 14,500 பேர் இறந்தனர். இத்தொகை 2000 இல் 78,911 ஆகவும், 2010 இல் 1,34,513 ஆகவும், 2015 இல் 1,46,133 ஆகவும் உயர்ந்தது. கோவிட் பெருந்தொற்றினால் சாலைகள் வெறிச்சோடிய 2020 இல் மட்டும் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் சரிந்து, பின் மீண்டும் ஏறியது.

ஆனால் வண்டிகளின் எண்ணிக்கை இதைவிடப் பன்மடங்கு வேகமாகப் பெருகியது. 1951 இல் இந்தியாவில் பதிவு செய்யப்பட்டிருந்த இயந்திர வண்டிகள் ஏறத்தாழ மூன்று இலட்சம். 2019 இல் அது ஏறத்தாழ முப்பது கோடி. எனவே பத்தாயிரம் வண்டிகளுக்கு இத்தனை இறப்புகள் என்று கணக்கிட்டால் நிலைமை பெரிதும் மேம்பட்டது போலத் தோன்றும். இக்கணக்கை எச்சரிக்கையுடன் கொள்ளவேண்டும். பதிவேட்டில் உள்ள வண்டிகளில் பல, எப்போதோ உடைத்து விற்கப்பட்டவை. அவை பதிவேட்டிலிருந்து நீக்கப்படாததால் வகுக்கும் எண் பெரிதாகிவிடுகிறது. மக்கள்தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டால் இறப்பு வீதம் 1970ஐ விட உயர்ந்தே உள்ளது.

எனவே தனித்தனி ஓட்டுநரின் திறன் குறைந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அரைகுறையாகக் கற்ற ஓட்டுநர்கள் பெருந்தொகையினராக, வேகமான வண்டிகளுடன், முன்னைவிட அகன்ற சாலைகளுக்கு வந்து சேர்ந்தனர் என்று சொல்வதே பொருத்தமாகும். 2022 ஆம் ஆண்டின் இறப்புகளில் 71.2 விழுக்காட்டுக்கு மிகைவேகமே காரணம் என்று அமைச்சக அறிக்கை குறிப்பிடுகிறது. இறந்தோரில் ஏறத்தாழ 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள். மது அருந்தி ஓட்டியதால் நிகழ்ந்த இறப்புகள் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு என்று அதே அறிக்கையில் உள்ளது. ஒவ்வொரு விபத்தின் பின்னும் குருதிச் சோதனை செய்யப்படுவதில்லை ஆகையால் இவ்வெண்ணை அப்படியே ஏற்பது கடினம்.

ஓட்டுநர் உரிமம்

ஓட்டுநர் உரிமம் பெறுவதற்கு முதலில் பழகுநர் உரிமம் பெற்று, குறைந்தது முப்பது நாட்கள் கழித்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓட்டிக் காட்டவேண்டும். தமிழ்நாட்டில் இருசக்கர வண்டிக்கான தேர்வு பொதுவழக்கில் "எட்டுப் போடுதல்" எனப்படுகிறது. கால் ஊன்றாமல் எட்டு வடிவப் பாதையில் வண்டியைச் செலுத்துவதே தேர்வு. வண்டியைச் சாயவிடாமல் வைத்திருக்கும் திறனை இது காட்டும். நெரிசலான நாற்சந்தியில் எப்படி நடந்துகொள்வார், பின்னால் வரும் வண்டியைக் கவனிப்பாரா, பாதசாரிக்கு வழி விடுவாரா என்பன போன்றவற்றை இது காட்டாது.

உரிமம் வழங்கும் முறையின் உண்மை நிலையை வெளிப்படுத்திய ஆய்வு ஒன்று 2004-2005 இல் தில்லியில் நடத்தப்பட்டது. மரியான் பெர்ட்ரண்ட், சிமியோன் ஜான்கோவ், ரெமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன் ஆகிய பொருளியலாளர்கள் உரிமம் பெற விரும்பிய 822 பேரைப் பின்தொடர்ந்தனர். இவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்கு விரைவில் உரிமம் பெற்றால் ஊக்கத்தொகை தருவதாகக் கூறினர். இன்னொரு குழுவினருக்கு இலவசமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தனர். மூன்றாம் குழுவினரை அவர்கள் போக்கிலேயே விட்டனர். உரிமம் பெற்ற பின் ஆய்வாளர்கள் தாமே ஏற்பாடு செய்த ஓட்டுத்தேர்வுக்கு அவர்களை முன்னறிவிப்பின்றி அழைத்தனர்.

2007 இல் வெளியான முடிவுகளின்படி, உரிமம் பெற்றவர் சராசரியாக அதிகாரபூர்வக் கட்டணத்தைப் போல இருமடங்கு செலவிட்டிருந்தார். பெரும்பாலானோர் முகவர் வழியாகச் சென்றனர். அவர்களில் பலர் சட்டப்படியான ஓட்டுத்தேர்வை எழுதவே இல்லை. ஊக்கத்தொகைக் குழுவினர் விரைவாக உரிமம் பெற்றனர், ஆனால் ஓட்டத் தெரியாமலே பெற்றவர்கள் அக்குழுவில்தான் மிகுதி. முறையாகக் கற்றவர்களுக்கும் கூடுதல் செலவிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை. கற்றவரும் கல்லாதவரும் ஏறக்குறைய ஒரே தொகையைக் கொடுத்து ஒரே அட்டையைப் பெறுவாராயின், கற்பதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. பின்னாளில் சாலையில் காவலர் எத்தனை தண்டம் விதித்தாலும் சரிசெய்ய முடியாத குறை இது.

இதன் பிறகு உரிமப் பதிவுகள் "சாரதி" என்னும் நாடளாவிய தரவுத்தளத்துக்கு மாற்றப்பட்டன. விண்ணப்பமும் கட்டணமும் இணையவழி ஆயின. சில நகரங்களில் உணரிகளும் ஒளிப்படக்கருவிகளும் பொருத்திய தானியங்கித் தேர்வுத் தடங்கள் அமைக்கப்பட்டன. 2021 ஜூலை முதல், அரசின் ஏற்பு பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் தேறியவர்களுக்கு அலுவலகத்தில் மீண்டும் ஓட்டிக் காட்டுவதிலிருந்து விலக்கு அளிக்கும் விதிகள் நடைமுறைக்கு வந்தன.

சாலைச் சினம்

உளவியலாளர் பலர் சாலைச் சினத்தை முகமறியாமையோடு தொடர்புபடுத்துகின்றனர். நடைபாதையில் ஒருவர் மீது இடித்துவிட்டால் முகத்தைப் பார்த்து "மன்னிக்கவும்" என்று சொல்ல இயலும். மூடிய கண்ணாடிக்குள் இருப்பவரோடு பேசும் வழி ஒலிப்பானும் முகப்பு விளக்கும் மட்டுமே. இவ்விரண்டாலும் வருத்தம் தெரிவிக்க முடியாது. மேலும் தம்முடைய தவறுக்குச் சூழ்நிலையையும், பிறர் தவறுக்கு அவர்களுடைய குணத்தையும் காரணம் காட்டும் இயல்பு மனிதர்க்கு உண்டு. தாம் குறுக்கே புகுந்தால் அவசரம். பிறர் புகுந்தால் ஆணவம். ஓட்டுநரின் கோபத்தை அளக்க அமெரிக்க உளவியலாளர் ஜெரி டெஃபன்பேக்கரும் பிறரும் 1994 இல் உருவாக்கிய அளவுகோல் இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது.

கோபம் யார் மீது பாயும் என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. கலிபோர்னியாவில் ஆண்டனி டூப், ஆலன் கிராஸ் ஆகியோர் நடத்தி 1968 இல் வெளியிட்ட ஆய்வில், பச்சை விளக்கு எரிந்த பின்னும் நகராமல் ஒரு மகிழுந்து நிறுத்தி வைக்கப்பட்டது. அது பழைய மலிவான வண்டியாக இருந்தபோது பின்னால் நின்றவர்களில் 84 விழுக்காட்டினர் ஒலிப்பானை அழுத்தினர். புதிய விலையுயர்ந்த வண்டியாக இருந்தபோது 50 விழுக்காட்டினரே அழுத்தினர். இந்தியச் சாலையில் மிதிவண்டிக்கும் தள்ளுவண்டிக்கும் கிடைக்கும் வசையைக் கேட்டவர்களுக்கு இம்முடிவு வியப்பளிக்காது.

இந்தியாவில் ஒலிப்பானின் பயன் பிற நாடுகளிலிருந்து வேறுபட்டது. பல நாடுகளில் அது எச்சரிக்கைக்கோ கண்டனத்துக்கோ உரியது. இங்கே "நான் வருகிறேன்" என்று அறிவிக்கும் அன்றாட மொழியாகவும் உள்ளது. "ஒலி எழுப்பவும்" என்று லாரியின் பின்புறம் எழுதியிருப்பது, முந்திச் செல்ல விரும்புபவர் தம் இருப்பைத் தெரிவிக்கவேண்டும் என்ற பழைய ஏற்பாட்டின் எச்சம். இவ்வாறு எழுதுவது தேவையற்ற ஒலியைத் தூண்டுகிறது என்று கூறி மகாராட்டிர அரசு 2015 இல் அத்தகைய வாசகத்தைத் தடை செய்தது. பல சுரங்களில் ஒலிக்கும் ஒலிப்பான்களை நடுவண் இயந்திர வண்டி விதிகள் ஏற்கெனவே தடை செய்துள்ளன. அறிவிப்பாக எழுப்பிய ஒலியை முன்னே செல்பவர் அதட்டலாக எடுத்துக்கொள்ளும்போது தகராறு தொடங்குகிறது.

சாலைச் சினத்துக்குத் தனிச் சட்டப்பிரிவு இல்லாததால், அடித்தால் காயம் விளைவித்தல், இறந்தால் கொலை அல்லது கொலையாகாத மரணம் விளைவித்தல் எனப் பொதுவான குற்றப் பிரிவுகளிலேயே வழக்குகள் பதியப்படுகின்றன. இதனால் நாடெங்கும் ஆண்டுதோறும் எத்தனை சாலைச் சின நிகழ்வுகள் நடக்கின்றன என்பதைப் பொதுக் குற்றப் புள்ளிவிவரங்களிலிருந்து பிரித்தெடுப்பது கடினமாகிறது.

இவ்வகை வழக்குகளில் மிகவும் அறியப்பட்டது, துடுப்பாட்ட வீரரும் பின்னாளில் அரசியல்வாதியுமான நவ்ஜோத் சிங் சித்து மீதான வழக்கு. டிசம்பர் 27, 1988 அன்று பஞ்சாபின் பட்டியாலா நகரில் சாலையில் வண்டி நின்றது தொடர்பாக எழுந்த வாக்குவாதத்தில் 65 வயது முதியவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். 1999 இல் விசாரணை நீதிமன்றம் சித்துவை விடுவித்தது. 2006 இல் பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றம் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2018 இல் உச்சநீதிமன்றம் அதை நீக்கி, காயம் விளைவித்த குற்றத்துக்கு மட்டும் 1000 ரூபாய் தண்டம் விதித்தது. இறந்தவரின் குடும்பத்தினர் மறுஆய்வு கோரினர். மே 19, 2022 அன்று அதே நீதிமன்றம் ஓராண்டுக் கடுங்காவல் தண்டனை விதித்தது. சித்து ஏப்ரல் 1, 2023 அன்று விடுதலையானார். நிகழ்வுக்கும் இறுதித் தண்டனைக்கும் இடையே 33 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

சட்டங்கள்

இந்தியா முழுமைக்குமான முதல் இயந்திர வண்டிச் சட்டம் 1914 இல் இயற்றப்பட்டது. அதன் இடத்தை 1939 ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் ஜூலை 1, 1989 முதல் நடைமுறைக்கு வந்த 1988 ஆம் ஆண்டு இயந்திர வண்டிச் சட்டமும் பிடித்தன. இயந்திர வண்டிகள் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ளவை. காவல்துறையோ மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆகவே சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற, அதைத் தெருவில் நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களுடையதாகிறது. நீதிமன்றம் செல்லாமலே அவ்விடத்தில் செலுத்தக்கூடிய இணக்கத் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரமும் சட்டத்தின் 200 ஆம் பிரிவின்படி மாநில அரசுக்கு உண்டு.

1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெருங்குறை அதன் தண்டத்தொகைகள் முப்பதாண்டுகள் மாறாதிருந்ததே. தலைக்கவசம் அணியாததற்கு விதிக்கப்பட்ட 100 ரூபாய், சட்டம் வந்த காலத்தில் ஓரளவு உறைக்கும் தொகை. 2018 இல் அது ஓர் எளிய சிற்றுண்டியின் விலை. விலைவாசி உயர உயரச் சட்டம் தானாகவே தளர்ந்துகொண்டிருந்தது.

இக்குறையைத் தீர்க்க 2019 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் செப்டம்பர் 1, 2019 முதல் தண்டங்களைப் பெருமளவில் உயர்த்தியது. உரிமமின்றி ஓட்டுவதற்கான தண்டம் 500 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாகவும், மது அருந்தி ஓட்டும் முதற்குற்றத்துக்கு 2000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருப்பதே குற்றம் என்ற வரம்பு மாறவில்லை. தலைக்கவசம் அணியாவிடில் 1000 ரூபாயுடன் மூன்று மாத உரிம இடைநிறுத்தமும் உண்டு. அவசர ஊர்திக்கு வழிவிடாமைக்கு 10,000 ரூபாய் தண்டம் அல்லது சிறை என்பது புதிதாகச் சேர்ந்தது. சிவப்பு விளக்கை மீறுதல், கையில் பேசியை வைத்துக்கொண்டு ஓட்டுதல், எதிர்த்திசையில் ஓட்டுதல் ஆகியவை ஆபத்தான ஓட்டுதல் என்ற 184 ஆம் பிரிவுக்குள் வெளிப்படையாகக் கொண்டுவரப்பட்டன.

அதிகம் பேசப்படாத இரு பிரிவுகளும் இத்திருத்தத்தில் உள்ளன. சட்டத்தை அமலாக்கும் அதிகாரம் பெற்றவரே அதை மீறினால் இருமடங்கு தண்டம் என்கிறது 210-பி பிரிவு. குறையுடன் சாலை அமைத்து அதனால் இறப்போ உடல் ஊனமோ நேர்ந்தால், வடிவமைத்தவர் அல்லது ஒப்பந்தக்காரர் ஓர் இலட்சம் ரூபாய் வரை செலுத்தவேண்டும் என்கிறது 198-ஏ பிரிவு.

பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் மூன்றாண்டுச் சிறைக்கும் 25,000 ரூபாய் தண்டத்துக்கும் உள்ளாவார் என்று 199-ஏ பிரிவு கூறுகிறது. 2024 மே மாதம் புனே நகரில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய விலையுயர்ந்த மகிழுந்து மோதி இளம் பொறியாளர் இருவர் இறந்தபோது இப்பிரிவு பரவலாகப் பேசப்பட்டது. சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதவேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்து அச்சிறுவனுக்கு முதலில் பிணை வழங்கப்பட்டது நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது.

கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு இரண்டாண்டு வரை சிறை விதித்தது. ஜூலை 1, 2024 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா இதை ஐந்தாண்டாக உயர்த்தியது. மோதிவிட்டுக் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் தப்பியோடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற உட்பிரிவை எதிர்த்து 2024 சனவரியில் பல மாநிலங்களில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நின்றால் கூட்டம் அடிக்கும், ஓடினால் சிறை என்பது அவர்கள் வாதம். சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் விலக்கி வைக்கப்பட்டது.

தண்டத்தின் அளவும் பிடிபடும் வாய்ப்பும்

தண்டனையின் கடுமையைவிட அதன் தவறாமையே குற்றத்தைத் தடுக்கும் என்பது இத்தாலிய அறிஞர் செசாரே பெக்காரியா 1764 இலேயே முன்வைத்த கருத்து. சாலைப் போக்குவரத்தில் இதற்குத் தெளிவான சான்று உண்டு. பிரித்தானியா 1967 இல் மூச்சுக்காற்றுச் சோதனைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. சில ஆண்டுகளில் அப்பயன் தேய்ந்துபோனது. உண்மையில் சோதிக்கப்படும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதை ஓட்டுநர்கள் அனுபவத்தால் அறிந்துகொண்டதே இதற்குக் காரணம் என்று சமூகவியலாளர் லாரன்ஸ் ராஸ் 1973 இல் விளக்கினார். மாறாக, ஆசுதிரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில் தொடங்கிய திடீர்ச் சோதனைகள், ஐயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எவரையும் நிறுத்திச் சோதிப்பவை; இவை பெருந்தொகையில் தொடர்ந்து நடத்தப்பட்டன. அங்கே இறப்புகளின் குறைவு நிலைத்தது.

இந்தியாவின் 2019 திருத்தம் தொகையை உயர்த்திய அளவுக்குப் பிடிபடும் வாய்ப்பை உயர்த்தவில்லை. தொகையும் எல்லா இடத்திலும் உயரவில்லை. குசராத் அரசு அதே செப்டம்பரில் பல தண்டங்களைக் குறைத்தது. மேற்கு வங்காளம் முதலில் ஏற்கவே மறுத்தது. சட்டத்தில் குறித்த தொகைக்குக் கீழே மாநிலங்கள் இறங்க முடியாது என்று நடுவண் அரசு 2020 சனவரியில் அறிவுறுத்தியது. உயர்ந்த தண்டத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. தண்டம் 100 ரூபாயாக இருக்கும்போது பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு போவதே எளிது. 10,000 ரூபாயாகும்போது, சீட்டில்லாமல் குறைந்த தொகையில் முடித்துக்கொள்ளும் ஆசை இருபுறமும் எழுகிறது.

மனிதர் தலையீட்டைக் குறைக்க ஒளிப்படக்கருவிகள் பயன்படுகின்றன. சட்டத்தின் 136-ஏ பிரிவின் கீழ் 2021 ஆகஸ்டில் வெளியான 167-ஏ விதி, மின்னணுக் கருவி பதிவு செய்த மீறலுக்கு 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பவேண்டும் என்றது. கேரளம் 2023 ஜூனில் மாநிலம் முழுவதும் 726 கருவிகளைக் கொண்டு தண்டம் விதிக்கத் தொடங்கியது. கருவியிடம் கெஞ்சவோ பேரம் பேசவோ முடியாது என்பது இதன் வலிமை. ஆனால் எண் பலகை இல்லாத வண்டியும், வாங்கியவர் பெயருக்கு மாற்றப்படாத வண்டியும் கருவிக்கு அகப்படுவதில்லை.

மேலும், காவலர் கையில் கொடுத்த சீட்டுக்கு இருந்த உடனடித்தன்மை கைபேசிக்கு வரும் குறுஞ்செய்திக்கு இல்லை. தண்டங்கள் கட்டப்படாமல் குவிந்தன. தெலங்கானா 2022 மார்ச்சிலும் கருநாடகம் 2023 பிப்ரவரியிலும் நிலுவைத் தொகைக்குத் தள்ளுபடி அறிவித்தன. இருசக்கர வண்டிகளுக்குத் தெலங்கானா 75 விழுக்காடு வரையும், கருநாடகம் எல்லா வண்டிகளுக்கும் 50 விழுக்காடும் குறைத்தன. கருநாடகத்தில் சில நாட்களுக்குள் நூறு கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது. வருவாய் நோக்கில் இது வெற்றியே. ஆயினும் உடனே கட்டியவர் முழுத் தொகையும் காத்திருந்தவர் பாதித் தொகையும் கட்டினர் என்பது அடுத்த முறை எவரும் மறவாத பாடம்.

தமிழ்நாடு

2022 ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே மிகுதியான சாலை விபத்துகள் (64,105) பதிவான மாநிலம் தமிழ்நாடு. இறப்புகளில் (17,884) அது உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து இரண்டாம் இடத்தில் இருந்தது. 2019 திருத்தத்தின் உயர்ந்த தண்டங்களைத் தமிழ்நாடு மூன்றாண்டு கழித்து, 2022 அக்டோபரில்தான் நடைமுறைப்படுத்தியது.

தலைக்கவச விதியின் வரலாறு அமலாக்கத்தின் ஏற்றத்தாழ்வுக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜூன் 1, 2007 முதல் மாநிலத்தில் தலைக்கவசம் கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. கடைகளில் கூட்டம் அலைமோதியது. விரைவிலேயே கெடுபிடி தளர்ந்தது. 2015 இல் நீதிபதி என். கிருபாகரன் பிறப்பித்த சென்னை உயர்நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து ஜூலை 1 முதல் விதி மீண்டும் கடுமையாக்கப்பட்டது. தலைக்கவசம் அணியாதவரின் ஆவணங்களைப் பறித்து, தரச்சான்று பெற்ற தலைக்கவசம் வாங்கிய சீட்டைக் காட்டினால்தான் திருப்பித் தரவேண்டும் என்றது ஆணை. மறுபடியும் கடைகளில் கூட்டம், மறுபடியும் தளர்வு. இரு முறையும் விதி மாறவில்லை, சோதனையின் எண்ணிக்கையே ஏறி இறங்கியது.

நாடு முழுமையையும் பாதித்த இரு வழக்குகள் தமிழகத்தவரால் தொடரப்பட்டவை. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். இராசசேகரன் 2012 இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் 2014 இல் நீதிபதி கே. எஸ். இராதாகிருட்டிணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. மிகைவேகம், சிவப்பு விளக்கை மீறல், மது, கைபேசி, மிகைச்சுமை ஆகியவற்றுக்கு உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் இடைநிறுத்தவேண்டும் என்று அக்குழு 2015 இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. வழக்கறிஞர் க. பாலு தொடர்ந்த வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இருக்கக்கூடாது என்று 2016 டிசம்பரில் தீர்ப்பானது. 20,000 வரை மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்கு இத்தொலைவு பின்னர் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. இதனால் 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. நகராட்சி எல்லைக்குள் இத்தடை பொருந்தாது என்று அதே ஆண்டில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியபின் பல கடைகள் மீண்டும் திறந்தன.

விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர மருத்துவச் செலவை, தொடக்கத்தில் ஓர் இலட்சம் ரூபாய் வரை, மாநில அரசே ஏற்கும் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது.

விமர்சனங்கள்

விபத்துகளுக்கு ஓட்டுநரை மட்டும் பொறுப்பாக்கும் பார்வையை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் தில்லி ஐ.ஐ.டி.யின் பேராசிரியராக இருந்த தினேஷ் மோகன் (இறப்பு 2021). மனிதர் தவறு செய்வர் என்பதை முன்கூட்டியே ஏற்று, அத்தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையையும் வண்டியையும் அமைக்கவேண்டும் என்பது அவர் போன்றோரின் நிலைப்பாடு. நெடுஞ்சாலையின் இருபுறமும் ஊர் இருக்க, கடக்கும் இடம் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டியை ஒழுக்கக்கேடு என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

காவல்துறை ஆவணங்களும் இவ்விமர்சனத்துக்கு உள்ளாகின்றன. முதல் தகவல் அறிக்கை ஒரு குற்றவாளியைக் குறிப்பிடவேண்டிய ஆவணம். சாலையின் வளைவையோ எரியாத விளக்கையோ அதில் குற்றவாளியாக எழுத முடியாது. மோதிய இரு வண்டிகளில் பெரியதன் ஓட்டுநர் மீதே பெரும்பாலும் வழக்குப் பதியப்படுவதும், காப்பீட்டு இழப்பீடு அந்த அறிக்கையைச் சார்ந்திருப்பதும் உண்மைக் காரணத்தை மேலும் மறைக்கின்றன. ஆண்டறிக்கையில் மிகைவேகம் எழுபது விழுக்காட்டுக்கு மேல் இடம்பெறுவதில் இப்பதிவு முறைக்கும் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

விபத்து நடந்த இடத்திலிருந்தே சாலையின் நிலை, வண்டியின் நிலை, காயங்களின் தன்மை ஆகியவற்றைக் காவலர், பொறியாளர், போக்குவரத்து அலுவலர், மருத்துவர் ஆகியோர் தனித்தனியே பதிவு செய்வதற்கான ஒருங்கிணைந்த தரவுத்தளத்தைச் சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்தது. இது 2021 இல் தமிழ்நாடு, கருநாடகம், மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம், இராசத்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய ஆறு மாநிலங்களில் முதலில் செயல்படுத்தப்பட்டு, பின்னர் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.